‘கு’ உடைந்தால் எழுத்துரு உடைந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வாசகர் ஒருவரின் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் படித்தேன். தன்னிடம் ஓடிஎஃப் என்ற வகைக் கோப்பாக இருக்கும் தமிழ் எழுத்துருவை இணையப் பக்கத்தில் பயன்படுத்த வேண்டும், எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தார். ‘ஃபான்ட் கன்வர்ட்டர்’ என்று தேடினால் ஏராளமான தளங்கள் வரும், கோப்பை ஏற்றினால் ஒரு நிமிடத்தில் மாற்றித் தந்துவிடும் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. 22 ஆண்டுகளாகப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து வருகிறேன். சில ஆண்டுகளாக மின்னூல்களும் செய்கிறேன். நீங்கள் சொன்ன அதே வழியில் போய் நான் பட்டதைச் சொன்னால் அந்த வாசகருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரு கவிதைத் தொகுப்பு. பதிப்பகத்தார் தங்களுக்கென்றே வரையச் செய்த எழுத்துருவை ஓடிஎஃப் கோப்பாக அனுப்பியிருந்தார்கள். மின்னூலுக்கு வோஃப் கோப்பு, அதாவது இணையத்துக்கு ஏற்றபடி சுருக்கிய எழுத்துருக் கோப்பு, வேண்டும். இரவு நேரம், மறுநாள் காலையில் கோப்புகளை ஒப்படைக்க வேண்டும். இலவசமாக மாற்றித் தரும் ஒரு தளத்தில் ஏற்றினேன். சில விநாடிகளில் புதிய கோப்பு வந்தது. புத்தகத்தில் பொருத்தி, அட்டையையும் தலைப்புப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மாலை கவிஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். வயதில் மூத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். “என்னம்மா இது, என் கவிதையில ‘குழந்தை’ உடைஞ்சு கிடக்கே?” என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

திறந்து பார்த்தேன். ‘குழந்தை’ என்ற சொல்லில் ‘க’ தனியாக நின்றது. அதன் வலப்பக்கம், உகரத்துக்கான குறி மட்டும் எதோடும் ஒட்டாமல் கிடந்தது. அடுத்த வரியில் ‘முத்து’ இருந்தது. அதில் இரண்டு இடத்தில் உடைவு. ‘ஸ்ரீ’ என்ற எழுத்து ‘ஸ்’ என்றும் ‘ரீ’ என்றும் பிரிந்து கிடந்தது. ஆனால் ‘கெ’, ‘பே’, ‘மை’ எல்லாம் ஒழுங்காக, கொம்பு முன்னால் வந்து நின்றன. இதனால்தான் முதல் நாள் இரவு என் கண்ணில் படவில்லை. அட்டைத் தலைப்பில் ஐகாரமும் ஆகாரமும் இருந்தனவே தவிர, ஓர் உகரம்கூட இல்லை.

ஏன் சில எழுத்துகள் மட்டும் உடைந்தன, சில பிழைத்தன என்று தேடத் தொடங்கியதுதான் என்னை அந்தக் கருப்புத் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்டளை வரி என்றால் எங்கள் தொழிலில் பலருக்கும் ஓர் ஒதுக்கம் உண்டு. சுட்டியால் இழுத்து, பார்த்துப் பார்த்து வேலை செய்தவர்களுக்கு, எழுத்தைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவது வேறு யாரோ செய்யும் வேலை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது நாள் தவறாமல் அதைத் திறக்கிறேன்.

ஃபான்ட்டூல்ஸ் என்று ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. பைதான் மொழியில் எழுதப்பட்டது, இலவசம், யாரும் நிறுவிக்கொள்ளலாம். தொடங்கியவர் யுஸ்ட் வான் ராசம். பைதான் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசமின் தம்பி. அந்தத் தொகுப்பில் டிடிஎக்ஸ் என்ற கட்டளை உண்டு. எழுத்துருக் கோப்பைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போட்டுக் காட்டும். எழுத்துருக் கோப்பு என்பது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று, உள்ளே பல அட்டவணைகளின் கட்டு. எழுத்துகளின் வளைகோடுகள் ஓர் அட்டவணையில். எந்தக் குறியெண்ணுக்கு எந்த உருவம் என்பது இன்னொன்றில். அகலம், உயரம், பெயர், உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். பதிப்பகத்தார் தந்த அசலையும் தளம் தந்த கோப்பையும் அடுத்தடுத்து இந்தக் கட்டளைக்குக் கொடுத்தேன். இரண்டு பட்டியலும் கீழும் மேலுமாகத் திரையில் வந்தன. அசலில் இருந்த 3 அட்டவணைகள் மாறிய கோப்பில் இல்லை. ஜிசப், ஜிபோஸ், ஜிடெஃப். எழுத்துகள் எப்படிச் சேர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற விதிகளுக்கான அட்டவணைகள் இவை. அவ்வளவுதான். கவிஞரின் குழந்தை உடைந்ததற்குக் காரணம் அந்த ஒரு திரையில் இருந்தது.

இதில் ஜிசப் என்பதைத் தமிழ் எழுதும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது. எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் ‘கு’ என்று ஓர் எழுத்து சேமிக்கப்படுவதில்லை. ‘க’ ஒரு குறியெண், உகரக் குறி இன்னொரு குறியெண். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ‘கு’ என்ற ஒற்றை உருவத்தைப் போடு என்ற விதி எழுத்துருவுக்குள், ஜிசப் அட்டவணையில் இருக்கிறது. உகர, ஊகார வரிசையில் இதன் தேவை மிகத் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் கு, சு, டு, து, மு என்று ஒவ்வொரு மெய்யோடும் அந்தக் குறி வேறு வேறு விதமாக ஒட்டுகிறது. டி, டீ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுக்கும் பொதுவாக இந்த விதிகளே துணை. கொம்பை முன்னால் கொண்டுவரும் வேலையோ எழுத்துருவுடையது இல்லை. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு நிரல்கள், அதாவது உலாவிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் இருந்துகொண்டு எழுத்துகளை வரிசைப்படுத்தும் பகுதிகள், அதைச் செய்துவிடுகின்றன. அதனால்தான் ஜிசப் தொலைந்த பிறகும் ‘கெ’ பிழைத்தது, ‘கு’ பிழைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு ஜிசப் இல்லாவிட்டாலும் படிக்கும்படியாக இருக்கும். அந்தத் தளத்தை நடத்துகிறவர் ஆங்கில எழுத்துகளை மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பிழை அவர் கண்ணில் படவே வாய்ப்பில்லை. தமிழுக்கு அது உயிர்நாடி.

சரி, இப்போது அந்த வாசகரின் கேள்விக்கு வருகிறேன். நம்மிடையே ‘ஃபான்ட் கன்வர்ட்’ என்ற ஒரே பேச்சு மூன்று வேறு வேலைகளுக்கு வழங்குகிறது. இந்தக் குழப்பம்தான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

அவர் கேட்டது உறை மாற்றும் வேலை. ஓடிஎஃப், டிடிஎஃப் கோப்புகளை வோஃப் ஆகவோ வோஃப்2 ஆகவோ ஆக்குவது என்பது உள்ளே இருக்கும் அட்டவணைகளைச் சுருக்கி வேறோர் உறையில் போடுவதுதான். வோஃப் 2012இல் உலகளாவிய வலைத்தளக் கூட்டமைப்பின் பரிந்துரையானது. அது இசட்லிப் முறையில் சுருக்கும். வோஃப்2 பரிந்துரையானது 2018இல். அது புரோட்லி முறையில் இன்னும் இறுக்கமாகச் சுருக்கும். இந்த வேலைக்கு ஒரு வளைகோட்டையும் தொட வேண்டியதில்லை. ஓடிஎஃப்-ஐ முதலில் டிடிஎஃப் ஆக்கி, அப்புறம்தான் வோஃப் ஆக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. ஓடிஎஃப்-ஐ நேராகவே வோஃப்2 ஆக்கலாம், இன்றைய உலாவிகள் அதை ஏற்கும்.

செய்யும் விதமும் எளிது. பைதானையும் ஃபான்ட்டூல்ஸையும் நிறுவ வேண்டும். கூடவே புரோட்லி என்ற துணைத் தொகுப்பையும் நிறுவ வேண்டும், அது இல்லாவிட்டால் வோஃப்2 கட்டளை பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். பிறகு டெர்மினலில், அதாவது அந்தக் கருப்புத் திரையில், ஃபான்ட்டூல்ஸின் பெயர், அதன் வோஃப்2 பகுதியின் பெயர், ‘கம்ப்ரஸ்’ என்ற சொல், கடைசியில் உங்கள் கோப்பின் பெயர். ஒரே வரி. என்டர் தட்டினால் அசல் கோப்பின் பக்கத்திலேயே புதிய கோப்பு வந்து உட்காரும். அசல் அப்படியே இருக்கும். ‘கம்ப்ரஸ்’ இருந்த இடத்தில் ‘டிகம்ப்ரஸ்’ போட்டால் வோஃப்2 கோப்பிலிருந்து பழைய வடிவம் திரும்ப வரும். ஒரு கோப்புறையில் 40 எழுத்துருக்கள் இருந்தால், ஒவ்வொன்றாக எடுத்துச் செய் என்று ஒரு சிறு சுழற்சிக் கட்டளை எழுதிவிடலாம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். வோஃப்2இல் சுருக்கி மறுபடி விரித்தால், கிடைக்கும் கோப்பு அசலோடு பைட்டுக்குப் பைட் ஒத்திருக்காது. டிடிஎஃப் கோப்பின் வளைகோட்டு அட்டவணையை அது சுருக்குவதற்கு வசதியாக மாற்றி அடுக்குகிறது, எண்முறைக் கையொப்பம் இருந்தால் அதையும் எடுத்துவிடுகிறது. எழுத்தின் தோற்றத்திலும் நடத்தையிலும் மாற்றம் இருக்காது. கோப்பின் அளவு கொஞ்சம் வேறுபடுகிறதே, ஏதாவது போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது வேலை வளைகோட்டை மாற்றுவது. ஓடிஎஃப் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கோப்பில் வளைகோடுகள் முப்படிச் சமன்பாட்டில் இருக்கும், டிடிஎஃப்-இல் இருபடிச் சமன்பாட்டில் இருக்கும். அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுப் பக்க மொழியின் வழியில் வந்தது முதலாவது. ஆப்பிள் உருவாக்கி 1991இல் வெளியிட்ட ட்ரூடைப் வழியில் வந்தது இரண்டாவது. மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996இல் அறிவித்த ஓப்பன்டைப் இந்த இரண்டையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தது, ஆனால் வளைகோடுகள் அதனதன் வழியிலேயே தொடர்ந்தன. முப்படியிலிருந்து இருபடிக்குப் போகும்போது கிட்டத்தட்டத்தான் வரும். ஒரு முப்படி வளைவை இரண்டு மூன்று இருபடி வளைவுகளாக உடைத்து அதே வழியில் போகப் பார்க்கும், புள்ளிகள் கூடும். போதாக்குறைக்கு ஓடிஎஃப்-இல் எழுத்துச் சதுரத்தை 1000 அலகாகப் பிரிப்பது வழக்கம். டிடிஎஃப்-இல் 1024 அல்லது 2048. அளவு மாறினால் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளப்படும். ஒருமுறை என்றால் கண்ணுக்குத் தெரியாது. அங்கும் இங்குமாக நான்கைந்து முறை மாற்றிய எழுத்துருவை 72 புள்ளி அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ஞ’வின் சுழியிலும் ‘இ’யின் சுழியிலும் மேடு பள்ளம் தெரியும். எங்களிடம் வந்த ஒரு கோப்பில் ‘ண’வின் மூன்று சுழிகளும் மூன்று விதமாக இருந்தன. அசலை வாங்கிப் பார்த்தபோது மூன்றும் ஒன்றுபோல அழகாக இருந்தன. அதனால் நான் வைத்திருக்கும் ஒரே கட்டாயம், எப்போது மாற்றினாலும் அசலிலிருந்தே மாற்ற வேண்டும், மாறியதிலிருந்து மாற்றக் கூடாது.

இந்த வேலைக்கு ஃபான்ட்ஃபோர்ஜ் நல்லது. ஜார்ஜ் வில்லியம்ஸ் 2000இல் ஃபாஎடிட் என்ற பெயரில் வெளியிட்டு, 2004இல் ஃபான்ட்ஃபோர்ஜ் என்று பெயர் மாறியது. பலருக்கு அதன் சாளரங்கள் தெரியும். சாளரம் எதுவும் திறக்காமல் கட்டளை வரியிலேயே ஒரு கோப்பைத் திற, இன்னொரு பெயரில் உருவாக்கு என்று இரண்டே சொல்லில் வேலை முடித்துக்கொள்ளலாம் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது. அதில் ஒரு கவனம் தேவை. எழுத்தின் மேல் எல்லை, கீழ் எல்லை அளவுகள் மாறிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். தமிழில் ‘கூ’, ‘மூ’, ‘ளூ’ எல்லாம் கோட்டுக்குக் கீழும் மேலும் நன்றாகவே நீள்பவை. எல்லை எண் சுருங்கினால் விண்டோஸில் சில மென்பொருள்கள் அந்த வாலை வெட்டிவிடும். எல்லை எண் கூடினால் வரிகளுக்கு இடையே இடைவெளி அகன்று, 160 பக்கப் புத்தகம் 170ஐத் தாண்டும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வேலை குறிமுறை மாற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டை மாற்றுவது. தமிழில் ‘ஃபான்ட் கன்வர்ட்’ என்றால் பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். பழைய டாம், டாப், டிஸ்கி குறிமுறைகளில் தட்டச்சு செய்த பத்திகளை யூனிகோடுக்குக் கொண்டுவருவது. டாம், டாப் இரண்டும் 1999இல் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டவை. அந்த எழுத்துருக்களில் ஆங்கிலத்துக்கும் பிற ஐரோப்பிய எழுத்துகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வைத்திருப்பார்கள். அந்த டிடிஎஃப் கோப்பை வோஃப்2 ஆக்கினால் கிடைப்பது வோஃப்2 உறையில் போட்ட அதே பழைய எழுத்துரு. குறிமுறை அணுவளவும் மாறாது. பத்தியை மாற்றுவதற்கு வேறு கருவிகள் உண்டு, அது எழுத்துருவைத் தொடாத வேலை. அதேபோல, கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை மட்டும் மாற்றிவிட்டு ‘கன்வர்ட் பண்ணிட்டேன்’ என்று அனுப்புகிறவர்களும் உண்டு. பெயரை என்ன மாற்றினாலும் கோப்பின் முதல் 4 பைட்டுகள் உண்மையைச் சொல்லிவிடும். முப்படி வளைகோடுள்ள ஓடிஎஃப் என்றால் அங்கே ஓ, டி, டி, ஓ என்ற 4 ஆங்கில எழுத்துகள் இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஃபைல்’ என்று ஒரு கட்டளை உண்டு, அது இதைப் பார்த்துச் சொல்லிவிடும்.

பழைய எழுத்துருக்களைப் பற்றிப் பேசும்போது அடோபியின் பழைய எழுத்துரு வடிவமான டைப்1 கோப்புகளையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் டைப்1 ஆதரவை நிறுத்திவிட்டது. அன்று வரை அச்சிட்டுக்கொண்டிருந்த கோப்பைத் திறந்தால் எழுத்துரு காணவில்லை என்று வரும். எங்கள் அலமாரிக் குறுந்தகடுகளில் 1990களில் வரைந்த அருமையான தமிழ் எழுத்துகள் இந்த வடிவில் கிடந்தன. அவற்றை ஃபான்ட்ஃபோர்ஜ் கட்டளையால் ஓடிஎஃப் ஆக்கினேன். இரண்டிலும் முப்படி வளைவுதான் என்பதால் சுழிகள் சேதமில்லாமல் வந்தன. எழுத்திடை நெருக்கக் கணக்கு டைப்1இல் தனிக் கோப்பில், ஏஎஃப்எம் என்ற பெயரில் இருக்கும். அதையும் சேர்த்து இணைக்கச் சொல்லாவிட்டால் அது கைவிட்டுப்போகும். இந்த மீட்பு வேலை செய்த வாரம் என் தொழில் வாழ்க்கையில் மிக மகிழ்ச்சியான வாரங்களில் ஒன்று. நாங்கள் கணினித் திரையில் முதன்முதலாகத் தமிழைப் பார்த்தபோது கற்றுக்கொண்ட எழுத்துகள் அவை. இவை இன்னும் யாரிடமாவது குறுந்தகட்டில் இருந்தால், தகடு படிக்கும் நிலையில் இருக்கும்போதே எடுத்து மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறியது அங்கேதான். தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணை போல இதைக் கட்டம் கட்டமாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். கீழே ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகள், ஸ்ரீ, எண்கள், நிறுத்தக்குறிகள். ஹார்ஃப்பஸ்ஸோடு எச்பி-வியூ என்று ஒரு கட்டளை வருகிறது. எழுத்துருவையும் இந்தப் பக்கத்தையும் கொடுத்தால் படமாக வரைந்து தரும். மாற்றுவதற்கு முன் ஒரு படம், மாற்றிய பின் ஒரு படம். பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் எங்கே உடைந்தது என்று உடனே தெரியும். அவசரம் என்றால் எச்பி-ஷேப் என்ற இன்னொரு கட்டளை. அதனிடம் ‘கு’ என்று மட்டும் கொடுப்பேன். என் கைக்கு வரும் எழுத்துருக்களில் ஒரே உருவத்தின் பெயர் திரும்ப வந்தால் நிம்மதி. ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டாக வந்தால் அந்தக் கோப்பை அங்கேயே ஒதுக்கிவிட்டு அசலைத் தேடுவேன்.

சோதிக்கும் கணினியில் அசல் எழுத்துரு நிறுவப்பட்டிருக்கக் கூடாது. இது சிறிய விஷயம்போலத் தெரியும். பக்கத்தில் புதிய கோப்பை இணைக்க மறந்திருந்தாலும், உலாவி அதே பெயரில் கணினியில் இருக்கும் அசலை எடுத்துக் காட்டிவிடும், நாமும் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். நிறுவாத கைப்பேசி ஒன்றில் திறந்து பார்ப்பதுதான் உறுதி.

கோப்பின் அளவைக் குறைப்பதற்காகத் தேவையற்ற எழுத்துகளை வெட்டுவதும் வழக்கம். ஃபான்ட்டூல்ஸில் பைஎஃப்டிசப்செட் என்ற கட்டளை அதைச் செய்யும். யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி உண்டு. அந்தத் தொகுதியை மட்டும் வைத்துக்கொள் என்று சொன்னால் ‘கு’ முதலிய கூட்டு உருவங்களை அதுவே விதிகளைப் பின்தொடர்ந்து கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். இதில் அது மிகவும் கெட்டி. ஆனால் சொற்களுக்கு இடையே வரும் வெற்றிடம், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, 0 முதல் 9 வரையிலான எண்கள் எல்லாம் தமிழ்த் தொகுதிக்கு வெளியே இருக்கின்றன. அவற்றையும் சேர்க்கச் சொல்லாவிட்டால் எழுத்து உங்கள் எழுத்துருவிலும், காற்புள்ளியும் எண்களும் வேறு ஏதோ எழுத்துருவிலும் வந்து பக்கம் ஒட்டுப்போட்டதுபோல இருக்கும். அருகருகே வரும் எழுத்துகள் ஒட்ட வேண்டுமா, பிரிய வேண்டுமா என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இணைப்பானையும் பிரிப்பானையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் மிக முக்கியம். பதிப்பகத்தார் தந்த அந்த எழுத்துரு அவர்கள் காசு கொடுத்து வரையச் செய்தது, வெளியில் இன்னும் வராதது. அதை நான் யாரென்றே தெரியாதவரின் கணினிக்கு அனுப்பிவிட்டேன். மாற்றிய பிறகு அழித்துவிடுவோம் என்று அந்தத் தளம் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை நம்பி இன்னொருவர் உழைப்பைக் கொடுக்கும் உரிமை எனக்கு இல்லை. எழுத்துருக் கோப்பிலேயே உரிமம் எழுதியிருக்கும். பெயர் அட்டவணையில் 13ஆம் பதிவு உரிம விவரம், 14ஆம் பதிவு உரிமத்தின் இணைய முகவரி. ஓஎஸ்/2 என்ற அட்டவணையில் ஆவணங்களில் உட்பொதிக்கலாமா என்பதற்கு ஓர் எண் உண்டு. 0 என்றால் தடையில்லை. 2 என்றால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உட்பொதிக்கக் கூடாது. டிடிஎக்ஸ் கட்டளையால் இவற்றை ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றை மாற்றவும் பகிரவும் அனுமதி உண்டு. ஆனால் ‘ஒதுக்கப்பட்ட பெயர்’ என்று அறிவித்திருந்தால், எழுத்துகளை வெட்டியோ திருத்தியோ வெளியிடும் கோப்புக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. ‘ண’வின் சுழிக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்த ஒருவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, மாற்றுவதற்கு முன் அந்த இரண்டு பதிவுகளைப் படிப்பது.

பதிப்பகத்தாரிடம் நடந்ததை நானே சொன்னேன். எழுத்துரு எங்கே போனது என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் வருத்தப்பட்டார்கள், வேலையைத் திரும்பப் பெறவில்லை. அன்றிரவே அசலை எடுத்து என் கணினியிலேயே மாற்றி, 247ஐயும் சரிபார்த்து, கவிஞருக்கு அனுப்பினேன். முதல் கவிதையைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “குழந்தை எழுந்து உட்கார்ந்துட்டாம்மா” என்றார்.

கேள்வி கேட்ட வாசகருக்கு உங்கள் பகுதியில் மறுபடி ஒரு பதில் வந்தால் மகிழ்வேன். இடம் இருந்தால் நிறுவும் முறையையும் கட்டளைகளையும் அப்படியே தட்டச்சு செய்யும்படி வெளியிடுங்கள், எழுதித் தர நான் தயார். என் 247 எழுத்துச் சோதனைப் பக்கத்தை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் யாருக்கும் அதைக் கொடுக்கலாம்.

அன்புடன்,
நூல் பக்க வடிவமைப்பாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)